பதின்பருவப் பிள்ளைகளுக்கு என்ன நாவல் கொடுக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புத்தகக் காட்சி நடக்கும் நாட்களிலும் முழுப் பரீட்சை முடிந்த கையோடும் பெற்றோர், ஆசிரியர்கள், பிள்ளைகள் என்று எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பன்னிரண்டு வயதிலிருந்து பதினெட்டு வரை உள்ளவர்களை மனத்தில் வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். தமிழில் கிடைக்கும் நூல்களுக்கே முதல் இடம். எல்லோருக்கும் பொருந்தும் பட்டியல் என்று எதுவும் கிடையாது. இதில் உள்ளவை என் தேர்வுகள், என் விருப்பு வெறுப்புகளோடு.

தமிழில் பதின்பருவ நாவல் என்று தனியாக ஒரு வகை இருக்கிறதா?

கடையில் போய்த் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. 'சிறுவர் நூல்கள்' என்று ஒரு அலமாரி இருக்கும். அதைத் தாண்டினால் நேரே 'நாவல்கள்'. நடுவில் ஒன்றும் இல்லை.

அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் கிட்டத்தட்ட இதே நிலைதான். எஸ்.இ. ஹிண்டன் என்ற பள்ளி மாணவி, தன் வயதுப் பிள்ளைகளின் வாழ்க்கையை உள்ளபடி சொல்லும் கதைகள் படிக்கக் கிடைக்கவில்லையே என்று தானே ஒரு நாவல் எழுத உட்கார்ந்தார். எழுதத் தொடங்கியபோது அவருக்குப் பதினைந்து வயது. 'தி அவுட்சைடர்ஸ்' 1967இல் வெளிவந்தபோது பதினெட்டு. எழுதியது பெண் என்று தெரிந்தால் பையன்கள் எடுக்க மாட்டார்கள் என்று பதிப்பாளர்கள் நினைத்ததால் அட்டையில் முதலெழுத்துகள் மட்டும் போட்டார்கள். அங்கே இளையோர் நாவல் ஒரு தனிச் சந்தையாக வளர்ந்ததற்கு அந்தப் புத்தகம் ஒரு பெரிய காரணம்.

தமிழில் வேறு விதமாக நடந்தது. அம்புலிமாமா, கோகுலம், பூந்தளிர், வாண்டுமாமா என்று வளர்ந்த பிள்ளை, ஒரு நாள் அக்காவோ சித்தப்பாவோ படித்துவிட்டு வைத்த வார இதழை எடுத்துத் தொடர்கதைக்குள் நுழைந்துவிடும். நடுப்படி இல்லாமலே தாவிப் பழகிய தலைமுறைகள் நாம். அதனால் 'பதின்பருவ நாவல்' என்ற பெயர்ப்பலகை இங்கே தேவைப்படவில்லை. ஆனால் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளையை நடுவில் நிறுத்தி எழுதிய நாவல்கள் தமிழில் நிறையவே இருக்கின்றன. எல்லாம் பெரியவர்கள் அலமாரியில் கிடக்கின்றன. அவற்றை எடுத்துக் கையில் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

பையன் ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டான். எதில் தொடங்குவது?

சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்'. தயங்காமல் சொல்வேன்.

1959இல் வந்த குறுநாவல். ஒரே உட்காரலில் முடித்துவிடலாம். கதை முழுவதும் ஒரே பிற்பகலில், ஒரே சல்லிக்கட்டில் நடக்கிறது. பிச்சியின் தகப்பன் அம்புலி பேர்பெற்ற மாடுபிடி வீரன். அவனைக் காரி என்ற காளை குத்திச் சாய்த்துவிட்டது. அந்தக் காளையை அணைந்து அடக்க மகன் வந்து நிற்கிறான். காளை ஜமீன்தாருடையது. அதன் மேல் கைவைப்பது ஜமீன்தாரின் கௌரவத்தின் மேல் கைவைப்பது. இதற்கு மேல் சொன்னால் படிக்கிறவனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

இந்த நாவலின் பலம் அதன் அவசரமின்மை. காரி வருவதற்கு முன் வேறு காளைகள் வருகின்றன. வாடிவாசலில் நிற்கும் ஒரு கிழவர் ஒவ்வொரு மாட்டின் குணத்தையும் பிச்சியிடம் பேச்சுக்கொடுத்தபடி சொல்லிக்கொண்டிருப்பார். எந்த மாடு எப்படித் திரும்பும், திமிலில் எப்போது கை விழ வேண்டும் என்பதெல்லாம் நமக்கு அந்தப் பேச்சிலேயே புரிந்துவிடும். கிரிக்கெட் வர்ணனை கேட்டுப் பழகிய பையனுக்கு இது எடுத்த எடுப்பில் பிடித்துப்போகும். பேச்சு மொழி மதுரைப் பக்கத்து மொழி. முதல் நான்கைந்து பக்கங்கள் தடுக்கும். அதை மட்டும் நீங்கள் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். பிறகு புத்தகத்தைப் பிடுங்கிக்கொள்வான்.

அதுவும் ஒத்துவராது என்றால் காமிக்ஸ். சிவகாசியிலிருந்து 1972 முதல் வந்த முத்து காமிக்ஸும், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸும் எத்தனையோ பேரைத் தமிழ் வாசிப்புக்குள் இழுத்து வந்திருக்கின்றன. இரும்புக்கை மாயாவியைப் படிப்பது படிப்பே இல்லை என்று நினைக்கும் பெற்றோரிடம் எனக்குச் சண்டை உண்டு.

'பொன்னியின் செல்வன்' படிக்கச் சொல்லலாமா? ஐந்து பாகம் என்று மலைக்கிறாள்.

படம் வந்த பிறகு இந்தக் கேள்வி பல மடங்காகிவிட்டது. சொல்லலாம். ஆனால் முதல் புத்தகமாக அதை வைக்காதீர்கள்.

கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாரா வாரம் தொடராக எழுதினார். ஒவ்வொரு அத்தியாயமும் ஏதாவது ஒரு கொக்கியில் முடியும். அடுத்த வாரம் வாசகர் வர வேண்டுமே! அந்தக் கொக்கிதான் பதிமூன்று வயதுப் பிள்ளையை இன்றும் இழுத்துக்கொண்டு போகிறது. ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வரும் அந்தத் தொடக்கத்தில் யாரும் சிக்கிக்கொள்வார்கள். சிக்கல் நடுவில்தான். சைவ வைணவச் சண்டைகள், ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டுச் சொல்லும் வரலாற்றுக் குறிப்புகள், ஒரே ஆளுக்கு மூன்று பெயர். இவற்றில் களைத்து இரண்டாம் பாகத்தில் நின்றுபோகிறவர்கள் அதிகம்.

என் யோசனை: முதலில் 'பார்த்திபன் கனவு'. அளவில் சிறியது, அதே கல்கி, அதே குதிரை, அதே மாறுவேடம். அதை முடித்த பிள்ளைக்குப் பெரிய நாவல் பயம் காட்டாது. 'பொன்னியின் செல்வன்' படிக்கும்போது அலுப்பூட்டும் பக்கங்களைத் தள்ளிவிட்டுப் போகலாம் என்று வெளிப்படையாகவே அனுமதி கொடுங்கள். நந்தினியும் ஆழ்வார்க்கடியானும் வரும் பக்கங்களை எவரும் தள்ள மாட்டார்கள்.

சாண்டில்யனைப் பற்றியும் கேட்பார்கள். கடல் போரும் குதிரையும் அருமை. பெண்களை வர்ணிக்கும்போது மனிதர் நிறுத்தவே மாட்டார். பதினாறுக்கு மேல் பார்த்துக்கொள்ளலாம்.

பன்னிரண்டு, பதிமூன்று வயதுக்கு? சிறுவர் கதைகள் சலித்துவிட்டன, பெரிய நாவல் ஏறவில்லை.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' இந்த வயதுக்கு அளந்து தைத்தது போன்ற குறுநாவல். கரிசல் காட்டில் பறவைகளின் பின்னாலேயே சுற்றும் ஒரு பையனின் கதை. ஒரு பாடமும் நடத்தாமல் பறவைகளைப் பற்றி இவ்வளவு சொல்லிவிட முடியுமா என்று வியக்க வைக்கும்.

சாகசம் வேண்டுமென்றால் ஜெயமோகனின் 'பனிமனிதன்'. தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்தது. இமயமலையில் யெட்டி என்னும் பனிமனிதனைத் தேடிப் போகும் கதைக்குள் பரிணாமம், பௌத்தம் எல்லாம் வந்துவிடும். அவரே எழுதிய 'வெள்ளி நிலம்' இதே திசையில் போகிறது. இரண்டில் எனக்குப் 'பனிமனிதன்'தான் ஒரு படி மேல்.

புதிதாக எழுதப்படுபவற்றைத் தெரிந்துகொள்ள ஒரு வழி, சாகித்திய அகாதெமி 2010 முதல் வழங்கும் சிறுவர் இலக்கிய விருதான பால சாகித்திய புரஸ்கார் பட்டியலைப் பார்ப்பது. 2023இல் பரிசு பெற்ற உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' கீழடியைப் பின்புலமாகக் கொண்டது. 2025இல் பெற்றது விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா'. இவை பதின்பருவத்தின் வாசற்படியில் நிற்பவர்களுக்கு. பதினைந்து வயதுக்காரரிடம் நீட்டினால் முகம் சுளிப்பார், அதில் அவர் மேல் தவறில்லை.

அறிவியல் புனைகதை, துப்பறியும் கதை மட்டும்தான் பிடிக்கும் என்கிறான்.

பிடித்ததைப் படிக்கட்டும். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியான 'மீண்டும் ஜீனோ' இரண்டையும் சேர்த்துக் கொடுங்கள். 1980களில் எழுதிய கதை, நடப்பது நம்முடைய 2020களில். எல்லோரையும் கண்காணிக்கும் ஓர் ஆட்சி, ஜீவா என்ற தலைவன், நிலா என்ற சாதாரணப் பெண், புத்தகம் படித்துப் படித்துச் சுயமாகச் சிந்திக்கத் தொடங்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். கையில் செல்பேசியோடும் செயற்கை நுண்ணறிவோடும் வளரும் பிள்ளைகள் இதைப் படித்துவிட்டு, சுஜாதா எதைச் சரியாகக் கணித்தார், எதில் கோட்டை விட்டார் என்று பட்டியல் போடுவார்கள். அந்தப் பேச்சே தனிச் சுவை.

அவருடைய கணேஷ், வசந்த் துப்பறியும் கதைகளில் 'கொலையுதிர் காலம்' இந்த வயதினருக்கு அதிகம் பிடிக்கிறது. பேயா, விஞ்ஞானமா என்று கடைசி வரை இழுத்துக்கொண்டு போகும். வசந்தின் ஜொள்ளுப் பேச்சு அந்தக் காலத்துச் சரக்கு. இன்றைய பெண் பிள்ளைகள் அதைப் படித்து எரிச்சலடைகிறார்கள். எரிச்சலடைவது நல்ல அறிகுறி.

சாதி, கொடுமை, சாவு இதெல்லாம் வரும் நாவல்களை இந்த வயதில் கொடுக்கலாமா?

பெற்றோர் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்கும் கேள்வி இது. என் பதில் நீளமானது.

பள்ளிக்கூடத்தில் சாதிக்கு ஒரு வண்ணம் என்று கையில் கயிறு கட்டிக்கொண்டு பிள்ளைகள் வருவது நமக்குத் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு, தமிழக அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துருவைக் கொண்டு ஒரு குழுவே அமைத்தது. அந்தப் பிள்ளைகள் வாழ்வது இந்த உலகத்தில். நாவலில் மட்டும் அது வரக்கூடாது என்றால் நாவல் அவர்களுக்கு எதற்கு? கயிறு விஷயத்தையே வைத்து விஷ்ணுபுரம் சரவணன் 'கயிறு' என்ற சிறு நூலை எழுதியிருக்கிறார். ஒரு பாடவேளைக்குள் வகுப்பில் வாசித்து முடித்துவிடலாம்.

அடுத்து பாமாவின் 'கருக்கு'. 1992இல் வந்தது. தன்வரலாறு என்றும் நாவல் என்றும் இரண்டு விதமாகவும் சொல்வார்கள். அதில் ஓர் இடம். மூன்றாம் வகுப்புப் படிக்கும் சிறுமி பள்ளி விட்டு வருகிற வழியில் வேடிக்கை பார்த்துக்கொண்டே வருகிறாள். அவள் தெருவைச் சேர்ந்த ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுபோகிறார். பொட்டலத்தில் கை படாமல், கட்டிய சரடின் நுனியை மட்டும் பிடித்து, தொங்கவிட்டுக் கொண்டுபோகிறார். அப்படியே குனிந்து பணிந்து நாயக்கரிடம் நீட்டுகிறார். பார்க்கிற சிறுமிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். அண்ணன் சிரிக்கவில்லை. ஏன் அப்படிக் கொண்டுபோனார் என்று விளக்குகிறான். சிரிப்பு கோபமாக மாறும் அந்த நொடியைப் பதினான்கு வயதில் படித்தவர்கள் எளிதில் மறப்பதில்லை. எந்தப் பக்கத்துத் தெருவிலிருந்து வந்த பிள்ளையாக இருந்தாலும் சரி.

பெருமாள்முருகனின் 'கூளமாதாரி' இன்னும் ஒரு படி கனமானது. கவுண்டர் பண்ணையத்தில் ஆண்டுக் கூலிக்கு விடப்பட்டு ஆடு மேய்க்கும் கூளையன், அவனைப் போன்ற பிள்ளைகள், பண்ணைக்காரர் மகன் செல்வன். மேய்ச்சல் காட்டில் எல்லோரும் ஒன்றாக விளையாடுவார்கள். பொழுது சாய்ந்தால் யார் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். விளையாட்டையும் நட்பையும் அவ்வளவு ஆசையாக எழுதியிருப்பதால்தான் முடிவு அப்படி அறைகிறது. கொங்கு வட்டார மொழி கொஞ்சம் கடினம், பதினைந்துக்கு மேல் சரியாக இருக்கும். அதற்கு முன் அவரை அறிமுகப்படுத்த வேண்டுமென்றால் 'பூனாச்சி அல்லது ஒரு வெள்ளாட்டின் கதை' இருக்கிறது.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றிய 'எரியும் பனிக்காடு' மருத்துவர் பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி, இரா. முருகவேள் தமிழில் தந்தது. பத்தாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தில் இரண்டு வரியில் கடந்துபோகும் ஒரு காலம் இதில் உடலும் உயிருமாக இருக்கிறது.

பெண் பிள்ளைகளுக்கென்று தனியாகப் புத்தகம் சொல்லுங்கள்.

சொல்ல மாட்டேன். மேலே சொன்ன அத்தனையும் அவர்களுக்கும்தான். 'வாடிவாசல்' படித்துவிட்டு மாட்டின் பக்கம் நின்று வாதாடிய பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

பெண் பிள்ளை நடுவில் நிற்கும் கதை வேண்டும், அதைப் பையன்களும் படிக்க வேண்டும் என்று கேட்டால் ராஜம் கிருஷ்ணனின் 'கரிப்பு மணிகள்' சொல்வேன். தூத்துக்குடி உப்பளத்தில் வேலைக்குப் போகும் பொன்னாச்சியும் அவள் தம்பி பச்சையும். ராஜம் கிருஷ்ணன் ஒரு தொழிலைப் பற்றி எழுதுவதென்றால் அந்த ஊருக்கே போய், மக்களோடு இருந்து, கேட்டு எழுதியவர். உப்பு கால்களை என்ன செய்யும், கண்களை என்ன செய்யும் என்பது இதில் தெரியும். தீப்பெட்டித் தொழிலில் பிள்ளைகள் பட்ட பாட்டை எழுதிய 'கூட்டுக்குஞ்சுகள்' அவருடையதுதான். மூன்று தலைமுறைப் பெண்களை அடுத்தடுத்து வைத்துக் காட்டும் சிவசங்கரியின் 'பாலங்க'ளை அம்மாவும் மகளும் ஒரே சமயத்தில் படித்தால் வீட்டில் நல்ல விவாதம் கிளம்பும். பாட்டியும் இருந்தால் இன்னும் நல்லது.

காதல் வரும் நாவல்கள்?

பதினைந்து வயதில் காதலைப் பற்றிப் படிக்காமல் வேறு எப்போது படிப்பது? நல்லதாகக் கொடுத்துவிட்டால் கவலை இல்லை.

வைக்கம் முகமது பஷீரின் 'பால்யகால சகி' குளச்சல் மு. யூசுப் மொழிபெயர்ப்பில் தமிழில் இருக்கிறது. மஜீதும் சுகறாவும். ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் எவ்வளவு என்று கேட்ட ஆசிரியருக்கு, இரண்டு ஆறுகள் சேர்ந்தால் பெரிய ஆறு ஆகிறதே என்ற நினைப்பில், கொஞ்சம் பெரிய ஒன்று என்று பதில் சொல்லி அடி வாங்குவான் மஜீது. சிரித்துக்கொண்டே ஆரம்பித்து அழுதுகொண்டே முடிக்கும் சிறிய புத்தகம். சிங்கிஸ் ஐத்மாத்தவின் 'ஜமீலா'வில் தன் அண்ணியின் காதலை ஒரு பதின்வயதுப் பையன் பார்த்துச் சொல்கிறான். அவனுக்கே முழுதாகப் புரியாத ஒன்று நமக்குப் புரிந்துகொண்டே வரும்.

ரமணிசந்திரன் நாவல்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் பெண்களைப் பெருமளவில் படிக்க வைத்தவர் அவர், அதை மறுப்பதற்கில்லை. அவருடைய கதாநாயகர்கள் காட்டும் அதிகாரத்தை அன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டுமா என்று உங்கள் மகளிடம் கேட்டுப் பாருங்கள். தடை போடுவதைவிட அந்தக் கேள்வி பயன் தரும்.

பாலியல் துன்புறுத்தலைப் பற்றி எப்படிப் பேச்சை எடுப்பது என்று தெரியாத பெற்றோர், எஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' நாவலைத் தாங்கள் முதலில் படித்துவிட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். பத்து வயதிலிருந்தே பொருந்தும். 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது.

ஒரே ஒரு நாவல்தான் சொல்லலாம் என்றால் எதைச் சொல்வீர்கள்?

பதினாறு வயதுக்கு மேல் என்றால் அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977இல் வெளிவந்தது.

சந்திரசேகரன் செகந்திராபாத்தில் வசிக்கும் தமிழ்ப் பையன். அப்பாவுக்கு ரயில்வே வேலை. கல்லூரிக்குப் போக வேண்டும், கிரிக்கெட் ஆட வேண்டும், வீட்டு மாட்டையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1947 ஆகஸ்டில் நாடே விடுதலை பெற்றது. ஆனால் அவன் இருப்பது நிஜாமின் ராஜ்யத்தில். அங்கே இந்தியாவோடு சேர்வதா என்பது முடிவாகாமல் ஒரு வருடத்துக்கும் மேல் இழுக்கிறது. நிஜாமுக்கு ஆதரவான ஆயுதப் படையினரான ரஜாக்கர்கள் தெருவில் திரிகிறார்கள். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. நாவல் இதையெல்லாம் சைக்கிளில் போய்வரும் ஒரு பையனின் கண்ணிலிருந்து மட்டுமே பார்க்கிறது. நேற்று வரை சேர்ந்து ஆடியவன் இன்று வேறு மாதிரி பார்க்கிறான். ஏன் என்று அவனுக்கும் சரியாகத் தெரியாது. அசோகமித்திரன் எங்குமே குரலை உயர்த்துவதில்லை. சந்திரசேகரன் எங்கே அசட்டுத்தனமாக நடந்துகொள்கிறானோ அங்கே நமக்கே கூச்சமாக இருக்கும். அந்தக் கூச்சம் அந்த வயதின் கூச்சம்.

கடைசிப் பக்கங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கலவரத்தின் நடுவே ஒரு வீட்டுக்குள் அவன் காணும் காட்சி கடுமையானது. அதைப் பற்றிப் பேச வீட்டிலோ பள்ளியிலோ ஒரு பெரியவர் அருகில் இருப்பது நல்லது. வயதைப் பதினாறு என்று சொன்னது அதற்காகத்தான்.

சோகமாக முடியும் கதைகள் மனத்தைப் பாதிக்காதா?

பாதிக்கும். அதற்காகத்தானே கதை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருப்பதில்லை. இரா. நடராசனின் 'ஆயிஷா' கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும் ஒரு மாணவியைப் பற்றிய சிறு கதை. ஆசிரியர்கள் கட்டாயம் படிக்க வேண்டியது. அந்தப் பெண்ணுக்கு நேரும் முடிவு கொடியது. தேர்விலோ வீட்டிலோ அடிபட்டு ஒடுங்கியிருக்கும் பிள்ளையிடம் அந்த வாரத்தில் அதைக் கொடுக்காதீர்கள். தெம்பாக இருக்கும்போது கொடுங்கள். யூமா வாசுகியின் 'ரத்த உறவு' போன்றவற்றுக்கும் இதே பதில்தான். அது பதினேழுக்கு மேல்.

மொழிபெயர்ப்பில் எவை நன்றாக இருக்கின்றன?

சோவியத் நூல்களை விட்டுவிட்டு இதற்குப் பதில் சொல்ல முடியாது. மாஸ்கோவில் அச்சாகி, மலிவு விலையில் வந்த அந்தக் கெட்டி அட்டைப் புத்தகங்களில் பூ. சோமசுந்தரம் மொழிபெயர்த்தவை இன்றும் மறுபதிப்பாகக் கிடைக்கின்றன. 'உண்மை மனிதனின் கதை': விமானம் விழுந்து, நொறுங்கிய கால்களோடு பதினெட்டு நாள் பனிக்காட்டில் ஊர்ந்தே வரும் விமானி, இரண்டு பாதங்களையும் இழந்த பிறகு மறுபடி போர் விமானம் ஓட்டுகிறான். உண்மையாக வாழ்ந்த ஒருவரைத் தழுவியது. அந்த ஊர்ந்து வரும் பகுதியைப் பாதியில் நிறுத்திய பிள்ளை யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' இன்னொன்று. தானே அரைகுறையாகப் படித்த ஓர் இளைஞன் குதிரை லாயத்தைப் பள்ளிக்கூடமாக்குகிறான். குளிரில் ஓடையைக் கடக்க முடியாத பிள்ளைகளை முதுகில் சுமந்து அக்கரை சேர்க்கிறான். அல்தினாய் என்ற சிறுமிக்கு நேரும் கொடுமை இதில் உண்டு, அதனால் பதினைந்துக்கு மேல்.

'குட்டி இளவரசன்' பிரெஞ்சிலிருந்து வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் நேரடியாகத் தமிழாக்கியது; க்ரியா வெளியீடு. எட்டு வயதிலும் படிக்கலாம், பதினெட்டில்தான் வலிக்கும். 'டோட்டோ-சான்' நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடாகக் குறைந்த விலையில் கிடைக்கும்.

இலங்கைத் தமிழ் எழுத்தில்?

செங்கை ஆழியானில் தொடங்குங்கள். 'ஆச்சி பயணம் போகிறாள்' யாழ்ப்பாணத்து ஆச்சி ஒருத்தி ஊரை விட்டுக் கிளம்பும் நகைச்சுவை நாவல்; சிரிக்க வைக்கும் தமிழ் நாவல்கள் குறைவு என்பதால் பொக்கிஷம். 'வாடைக்காற்று' நெடுந்தீவில் பருவத்துக்கு வந்து வாடி (தற்காலிகக் குடிசை) போடும் மீனவர்களின் கதை. போர்க்கால எழுத்தில் ஷோபாசக்தியின் 'கொரில்லா' முக்கியமானது. அதைப் பள்ளிப் படிப்பு முடியும் காலத்தில் படிக்கட்டும்.

ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு?

அவர்களுக்கு வழிகாட்ட இணையம் முழுக்க ஆள் இருக்கிறார்கள், நான் இரண்டே புத்தகம் சொல்கிறேன். ரஸ்கின் பாண்ட் பதினேழு வயதில் எழுதிய 'தி ரூம் ஆன் தி ரூஃப்', 1956இல் வெளியானது. டேராடூனில் வீட்டை விட்டு ஓடும் ரஸ்டியின் கதை. ஷ்யாம் செல்வதுரையின் 'ஸ்விம்மிங் இன் த மான்சூன் ஸீ', 2005. 1980ஆம் ஆண்டு இலங்கையில் பதினான்கு வயது அம்ரித்துக்குத் தன் மனம் ஓர் ஆண் பக்கம் சாய்வது மெல்ல மெல்லப் புரிகிறது. இதைப் பேச வீட்டில் வார்த்தை இல்லாமல் தவிக்கும் பிள்ளைகளுக்கு அது பெரிய துணை.

தமிழ் எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். நாவல் எப்படிச் சாத்தியம்?

காதால் தொடங்குங்கள். கல்கியும் செல்லப்பாவும் காதுக்கு எழுதியவர்கள். இரவில் பத்து நிமிடம் நீங்கள் படியுங்கள், விறுவிறுப்பான இடத்தில் தூக்கம் வருகிறது என்று மூடி வைத்துவிடுங்கள். மறுநாள் அவளே எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் நகர்ந்திருப்பாள். உச்சரிப்பைத் திருத்திக்கொண்டே இருந்தால் இது நடக்காது. லகர ளகரம் பிறகு வரும்.

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு. இப்போது போய் நாவலா?

பொதுத்தேர்வு ஆண்டில் செல்பேசிக்குக் கிடைக்கும் நேரத்தைக் கணக்குப் பார்த்தால் 'வாடிவாசல்' பலமுறை படிக்கலாம். சிறியதாக ஒன்றைக் கொடுங்கள். தேர்வு முடிந்த மறுநாளைக்குப் பெரிய ஒன்றை வாங்கி மேசையில் வைத்துவிடுங்கள்.

பள்ளியில் வாசிப்பு வேளை இருக்கிறது. ஆசிரியராக என்ன செய்யலாம்?

கதைச் சுருக்கம் எழுதச் சொல்லாதீர்கள். கதை தரும் நீதி என்ன என்றும் கேட்காதீர்கள். இரண்டும் அடுத்த புத்தகத்தின் மேல் ஆசையைக் கொன்றுவிடும். யார் மேல் கோபம் வந்தது என்று கேளுங்கள். 'கருக்கு', 'கூளமாதாரி' போன்றவற்றை வகுப்பில் எடுக்கும்போது, அந்த அனுபவத்தோடு வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைச் சாட்சி சொல்ல எழுப்பாதீர்கள். அவள் தானாகப் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இவ்வளவையும் காசு கொடுத்து வாங்க முடியுமா?

வேண்டியதில்லை. கல்கியின் நூல்கள் 1999இலும் ராஜம் கிருஷ்ணனின் நூல்கள் 2009இலும் நாட்டுடைமையாக்கப்பட்டவை; யார் வேண்டுமானாலும் பதிப்பிக்கலாம் என்பதால் மலிவுப் பதிப்புகள் ஏராளம். இணையத்தில் 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தில் கல்கி இலவசமாகவே கிடைப்பார். மலிவுப் பதிப்பு வாங்கும்போது நடுவில் ஒரு பக்கத்தைப் பிரித்து எழுத்துப் பிழை பாருங்கள். சில பதிப்புகள் மெய்ப்புப் பார்க்காமலே அச்சேறியவை. ஈழத்து நூல்களுக்கு நூலகம் இணையதளம். சென்னையில் அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இரண்டிலும் நாள் முழுக்க உட்கார்ந்து படிக்கலாம். உங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் பிள்ளையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள், உங்கள் பெயரில் வேண்டாம். எதை எடுப்பது என்பது அப்போதுதான் அவர்கள் முடிவாக இருக்கும்.

இது பெற்றோர் கேள்வி இல்லை, என்னுடைய கேள்வி. எனக்கு வயது பதினைந்து. நாற்பது பக்கம் படித்துவிட்டேன், பிடிக்கவில்லை. முடித்துத்தான் ஆக வேண்டுமா?

வேண்டாம். மூடி வையுங்கள். யாராவது கேட்டால் என் பெயரைச் சொல்லுங்கள். பிடிக்காமல் போனது மொழியினாலா, கதையினாலா என்று மட்டும் ஒரு நிமிடம் யோசியுங்கள். மொழி என்றால் அடுத்த வருடம் அதே புத்தகம் வேறு மாதிரி இருக்கும். கதை என்றால் மேலே போய் இன்னொன்றைத் தேர்ந்தெடுங்கள். 'பிஞ்சுகள்' நூலகத்தில் பெரும்பாலும் யாரும் எடுக்காமல் அலமாரியில்தான் இருக்கும்.